காலி மேசையோடு திறந்த கடை

ஆய்வகத்து இரும்பு பீரோவைத் திறந்ததும் முதலில் வந்தது உன் அத்தாவின் லாரி சாமான் கடை வாசம்தான். ரப்பரும் கிரீஸும் கலந்த வாசம். உன் அப்பாவை உன்னைப் போலவே நானும் அத்தா என்றுதான் கூப்பிட்டுப் பழகிவிட்டேன். லாரி ஆயில் ஃபில்டர் வந்த அட்டைப்பெட்டி ஒன்றில் பஞ்சு விரித்து உன் ஹார்டு டிஸ்க்கைப் படுக்க வைத்திருந்தாய். மூடியின் மேல் உன் கையெழுத்தில் 'அம்மிணி, தொடாதே' என்று எனக்கு ஓர் எச்சரிக்கை இருந்தது. நான்கு வருடமாகத் தொடவில்லை. மூன்று மாதம் முன்பு தொட வேண்டியதாகிவிட்டது.

ஒரு பெண் உன் பெயருக்குக் கல்லூரி முகவரியில் மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள்; அலுவலகத்தில் அதை எனக்குத் தள்ளிவிட்டார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் ஏதோ ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். உன் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் இருப்பதைத் தானும் செய்து பார்த்தாளாம். உனக்குக் கிடைத்த வேகம் அவளுக்குக் கிடைக்கவில்லை. 'எங்கே தவறு செய்கிறேன் என்று எனக்குப் பிடிபடவில்லை. நீங்கள் சேமித்து வைத்த நிலைகள் இருந்தால் அனுப்ப முடியுமா?' என்று மிகவும் பணிவாகக் கேட்டிருந்தாள். தப்பு தன் பக்கம்தான் இருக்கும் என்று அவள் நம்பிவிட்டதுதான் என்னை உட்காரவிடாமல் செய்தது. தப்பு அவளுடையது இல்லை. உன்னுடையதும் இல்லை. என்னுடையது. நீ இருந்தபோதே அது எனக்குத் தெரியும். உன்னிடம் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன். யாரிடம் சேரும் என்றெல்லாம் யோசிக்கவில்லை.

நாம் இருவரும் பாடம் எடுத்த நம் கல்லூரியில் அப்போது மெமரி அதிகமுள்ள கணினி ஒன்றே ஒன்றுதான். அதற்குள் நீ இன்னொரு முழுக் கணினியை நிரலாகவே ஓட்டிக்கொண்டிருந்தாய். செயலி, நினைவகம், வட்டு எல்லாமே பொய்க் கணினி. ஆனால் தான் பொய் என்று அதற்குத் தெரியாது. 'இது மெஷின் இல்லடி, மெஷின் காணுற கனவு' என்று முதல் நாளே சொன்னாய். சிமுலேட்டர் என்ற சொல்லைவிட எனக்கு அதுதான் புரிந்தது. அந்தக் கனவில் ஒரு நொடி கழிய வெளியே நமக்கு நாள் கணக்கில் ஆகும். பொய்க் கணினி கண் விழித்து, கட்டளைக்குக் காத்திருக்கும் நிலைக்கு வரவே ஒன்றரை நாள். சோதனை ஓட்டம் முழுதும் முடிய மாதங்கள்.

நமக்கோ ஒரு நாள் என்பதே காலை ஒன்பதிலிருந்து மாலை நாலே முக்கால் வரைதான். எப்போதோ ஒரு முறை வயர் உருகி மின்னறை புகைந்ததிலிருந்து, கடைசி மணிக்குப் பிறகு மெயினை இறக்கிவிட வேண்டும் என்று நிர்வாகத்தின் உத்தரவு. லேப் அட்டெண்டர் அண்ணன் வாசலில் நின்று சாவிக்கொத்தை ஆட்டுவார். "மேடம், இறக்கிரட்டுங்களா?" வெளியே கல்லூரிப் பேருந்துகள் வரிசையாக நின்று உறுமும். சேலம் போகும் வண்டியில் நீ, ராசிபுரம் வழியாக வெண்ணந்தூர் போகும் வண்டியில் நான்.

அதனால்தான் சேமிப்பு. தினமும் சாயங்காலம் அந்தக் கனவை ஓடும் நிலையிலேயே நிறுத்தி, அதன் நினைவகத்தில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் வட்டில் எழுதிக்கொள்வாய். மறுநாள் காலை அதை மீட்டால், நடுவில் ஓர் இரவு போனது அதற்குத் தெரியாது. விட்ட இடத்திலிருந்து, விட்ட எழுத்திலிருந்து தொடரும். உலகத்தில் எங்கெங்கோ வருடக்கணக்கில் அணைக்காத இயந்திரங்களில் செய்கிற ஆராய்ச்சியை நாம் பேருந்து நேரத்துக்கு வெட்டி வெட்டிச் செய்தோம்.

முழுச் சேமிப்புக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். எனக்குப் பொறுமை இருக்காது. "ஏனுங்க, இன்னும் முடியலீங்களா?" என்று திரையைப் பார்த்துக் கேட்பேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய்.

"கொங்கு நாட்டுப் பொம்பளைங்க மெஷினுக்கும் ங்க போடுவீங்களாடி? அது உன் மாமியாரா?"

"மரியாதை குடுத்தா சீக்கிரம் முடிக்கும்."

"அப்ப ஸ்டூடெண்ட்ஸுக்கும் குடு. ரெக்கார்டு நோட்டு சீக்கிரம் வரும்."

இன்னொரு வேலையும் செய்வாய். சேமிப்பதற்கு முன் பொய்க் கணினியின் திரையில் ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு வரி தட்டச்சு செய்து, என்டர் அழுத்தாமல் அப்படியே நிறுத்துவாய். மறுநாள் மீட்கும்போது அந்த வரி பாதியில் நின்று நம்மைப் பார்க்கும். அந்த மின்னஞ்சல் வந்த பிறகு வட்டைச் செருகி, உன் பழைய சேமிப்புகளை ஒவ்வொன்றாக மீட்டேன். ஒன்றில் 'தயிர் சாதம் என்னோடது, கை வெச்சா கடிப்பேன்' என்று இருந்தது. ஒன்றில் 'ஓடாதடி, உன் புருஷன் ஒடிசாவுல இருக்காரு, யாருக்கு காப்பி போட ஓடுற?' இன்னொன்றில் வெறுமனே 'மழை' என்று மட்டும். அன்று மழை பெய்ததா என்று எனக்கு நினைவில்லை. கர்சர் அந்த ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் மினுக்கிக்கொண்டே இருந்தது. அதை ஓடவிட மனமில்லாமல் மூடிவிட்டேன்.

உன் ஆராய்ச்சி என்ன என்று கேட்பவர்களுக்கு நீ சொல்லும் விளக்கத்தை நான் இன்றும் வகுப்பில் சொல்கிறேன். அத்தாவின் கடையில் எந்நேரமும் கேட்கிற ஃபேன் பெல்ட், பல்பு, ஃபில்டர் எல்லாம் முன் மேசையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். எப்போதாவது கேட்கிற கியர் பெட்டிச் சாமான்கள் பின்னால் குடோனில். மேசை சிறியது. புதிதாக ஒன்று வைக்க வேண்டுமானால் பழையதில் ஒன்றை எடுத்தாக வேண்டும். எதை எடுப்பது என்பதில்தான் வியாபாரியின் சாமர்த்தியம். செயலிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன நினைவகத்துக்கும் அதே பிரச்சினை. எதை வெளியே தள்ளுவது என்பதற்கு நீ ஒரு புது முறை வைத்திருந்தாய். அது பழைய முறையைவிட வேகமானது என்று காட்ட வேண்டும். ஒரே சோதனையைப் பழைய முறையில் ஒரு தடவை, உன் முறையில் ஒரு தடவை ஓட்டி ஒப்பிட வேண்டும். அவ்வளவுதான் நான்காம் அத்தியாயம். அவ்வளவுக்குத்தான் ஏழு வருடம்.

காலையில் உன் முறை. சாப்பாட்டு இடைவேளையில் அதை முழுதாகச் சேமிப்பது. மதியத்துக்கு மேல் பழைய முறை. மூன்றே முக்காலுக்கே அதை நிறுத்தி, அதையும் முழுதாகச் சேமிப்பது. இது நீ வைத்த ஒழுங்கு. சேமிப்பு இழுத்தால் அட்டெண்டர் அண்ணனைக் காக்க வைப்பாய்; பேருந்து போய்விட்டால் நெடுஞ்சாலைக்கு நடந்து போய் டவுன் பஸ்ஸுக்கு நிற்பாய். நான் ஒரு தடவைகூட அப்படி நின்றதில்லை.

பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது. மார்பில் கட்டி என்று சொன்னதற்கும் அறுவை சிகிச்சைக்கும் நடுவில் ஒன்பது நாள்தான் இருந்தது. பகுதிநேர ஆராய்ச்சிக்கு ஏற்கெனவே ஒரு முறை நீட்டிப்பு வாங்கியிருந்தாய், இன்னொன்று கிடைக்காது. கடைசி நாள் ஆய்வகத்தில் என்னை உட்கார வைத்து எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தாய். "நான் கீமோ முடிச்சு வர்றதுக்குள்ள இத ஓட்டி முடிச்சுருவியா அம்மிணி? டிகிரி வாங்காம நான் போறதா இல்ல." சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். அதற்கு மறுநாள் காலை நான் மீட்ட முதல் சேமிப்பில் நின்ற வரி: 'முழுசா சேவ் பண்ணு. பஸ் போனா போகட்டும்.' சிரித்துவிட்டு அழித்தேன்.

முதல் வாரம் நீ சொன்னபடியே செய்தேன். ஆனால் நாள் போதவில்லை. விடுமுறை, மின்வெட்டு, தேர்வுக்கு ஆய்வகத்தை எடுத்துக்கொள்வது என்று ஓட்டம் பின்தங்கிக்கொண்டே வந்தது. வீட்டில் என் மகள் ஐந்தேகாலுக்குப் பள்ளி வேனில் வந்து இறங்குவாள். அவள் அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் நாலைந்து மாதம் வரமாட்டார். பூட்டிய வீட்டு வாசலில் அவளை நிற்கவைக்க எனக்கு மனம் வராது. அப்போதுதான் அந்தக் குறுக்கு வழி கண்ணில் பட்டது. வெள்ளோட்டத்துக்காக நீயே எழுதி வைத்திருந்த சிறு சேமிப்பு. செயலிக்குப் பக்கத்தில் உள்ள சின்ன நினைவகத்தில் இருப்பதையெல்லாம் பெரிய நினைவகத்துக்குத் தள்ளிவிட்டு, பெரியதை மட்டும் சுருக்கி எழுதிக்கொள்ளும். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

எந்தத் தகவலும் தொலையாது. அதை நான் சரிபார்த்தேன். ஒரு எண்கூட மாறவில்லை. மதிய ஓட்டத்தை மூன்றே முக்காலுக்கு நிறுத்தாமல் நாலரை வரை ஓடவிட்டு, சிறு சேமிப்புச் செய்துவிட்டுப் பேருந்துக்கு ஓடினேன். தினம் முக்கால் மணி நேரம் உனக்கு மிச்சம் பிடித்துக் கொடுக்கிறேன் என்று பெருமையாகக்கூட இருந்தது. காலை ஓட்டத்துக்கு அவசரமில்லை. மதியம் நான் சாப்பிடும் நேரத்தில் அது முழுதாகவே சேமித்துக்கொள்ளும்.

உனக்குப் புரிந்திருக்கும். இதற்கு மேல் படிக்க வேண்டிய அவசியமே உனக்கு இருக்காது. உன் கடை ஒவ்வொரு நாளும் நேற்றைய சாமான்கள் மேசையில் நிறைந்திருக்கத் திறந்தது. பழைய முறையின் கடை ஒவ்வொரு நாளும் காலி மேசையோடு திறந்தது. ஒவ்வொன்றுக்கும் குடோனுக்கு ஓட வேண்டியிருந்தது. வெளியே நான்கு மணி நேரம் ஓடினாலும் உள்ளே கழிவது கண் சிமிட்டும் நேரம்தான். அந்தச் சிமிட்டலில் பாதி, மேசையை மறுபடி நிரப்புவதிலேயே போயிருக்கிறது. விடைகள் சரி, வேகம் மட்டும் பொய். மாதக்கணக்கில், தினந்தோறும், நான் ஓடுபவரில் ஒருவரின் கால்களைக் கட்டிவிட்டுப் பந்தயம் நடத்தியிருக்கிறேன்.

கூட்டிய மொத்தத்தை மட்டும் உனக்கு அனுப்பினேன். நீ போனில் கத்தினாய். "இவ்வளவாடி? நான் இதுல பாதி வந்தாலே போதும்னு இருந்தேன்!" கீமோவினால் வாய் புண்ணாகியிருந்தது, சொற்கள் குழறின. அந்தச் சந்தோஷத்தில் மூன்றே வாரத்தில் அத்தியாயத்தை எழுதி முடித்தாய். ஆய்வேடு போனது. ஏற்றுக்கொண்டார்கள். வைவாவுக்கு, வாய்மொழித் தேர்வுக்கு, நாள் குறித்தார்கள்.

வைவாவுக்கு மூன்று நாள் முன்பு உன் ஸ்லைடுகளுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். மொத்தமாகப் போடுவதைவிட நாள்வாரியாகப் போட்டால் அழகாக இருக்கும் என்று தோன்றியது. உன் முறையின் கோடு ஆற்று நீர் மாதிரி ஒரே சீராகப் போயிற்று. பழைய முறையின் கோட்டில் ரம்பப் பல். ஒவ்வொரு நாளின் தொடக்கத்திலும் ஒரு பள்ளம், பிறகு ஏற்றம், மறுநாள் மறுபடியும் பள்ளம். ஒரு நிமிடம்தான் பார்த்தேன். எல்லாம் விளங்கிவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்து போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்தேன்; எதற்கு நிறுத்தினேன் என்று தெரியவில்லை. பிறகு நாள்வாரி வரைபடத்தை அழித்துவிட்டு மொத்தத்தையே போட்டேன்.

அன்றே உன் வீட்டுக்கு வந்தேன். சொல்லத்தான் வந்தேன். நீ தலையில் புதுத் துணி கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றிருந்தாய். "ஊதாவா பச்சையாடி? எக்சாமினருக்கு எது பிடிக்கும்?" என்றாய். பச்சை என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

வைவா அன்று உன் அத்தா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நக இடுக்கில் மட்டும் கிரீஸ். நீ ஒரு மணி நேரம் நின்றபடியே பேசினாய். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் நல்ல மனிதர். உன்னை உட்காரச் சொன்னார், நீ உட்காரவில்லை. கடைசியில் சாதாரணமாக ஒன்று கேட்டார். இவ்வளவு தடவை நிறுத்தி நிறுத்தி ஓட்டியிருக்கிறீர்களே, இரண்டு முறைகளையும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரியான நிலையிலிருந்துதானே தொடங்கினீர்கள்?

"ஆமா சார். ரெண்டையும் முழுசா சேவ் பண்ணித்தான் மீட்டோம்" என்றாய். சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் இருந்த என்னைத் திரும்பிப் பார்த்தாய். சந்தேகத்தில் பார்க்கவில்லை. 'இவதான் செஞ்சா, இவளைக் கேளுங்க' என்று பெருமையாக ஊருக்குக் காட்டுகிற மாதிரி பார்த்தாய்.

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று.

உன் அத்தாதான் முதலில் கைதட்டினார். இங்கிலீஷில் நடந்தது ஒன்றும் அவருக்குப் புரிந்திருக்காது. எல்லோரும் எழுந்து நின்றதைப் பார்த்துவிட்டுத் தட்டினார்.

அதற்குப் பிறகு பதினோரு வாரம் இருந்தாய். நோய் எலும்புக்குப் போயிருந்தது. அடக்கம் செய்ய உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று பெண்களோடு வாசலுக்கு உள்பக்கம் நின்றேன். தெருமுனை வரை தெரிந்தது. பிறகு ஒரு லாரி குறுக்கே வந்து மறைத்துக்கொண்டது.

அந்தப் பெண்ணின் மின்னஞ்சலுக்கு உடனே பதில் போடவில்லை. இப்போது மெயினை இறக்குவதில்லை. கணினியும் புதிது. ஆறு வாரம் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பொய்க் கணினி கண் விழிப்பதிலிருந்து மறுபடி ஓட்டினேன். இரண்டு முறைகளையும் முழுதாகச் சேமித்து, முழுதாக மீட்டு. உன் முறை தோற்றுப்போக வேண்டாம் என்று ஒவ்வொரு நாளும் வேண்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். தோற்கவில்லை. ஜெயிக்கவும் இல்லை. இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கிடந்தன. மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன்.

யாருக்கும் எழுதுவதற்கு முன் அத்தாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சேலத்துக்குப் போனேன். பட்டறைத் தெருவில் வெல்டிங் சத்தம் அப்படியேதான் இருக்கிறது. கடையின் கண்ணாடி அலமாரியில், பழைய ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் உன் ஆய்வேடு நிற்கிறது. தங்க எழுத்தில் உன் பெயர். லாரி ஓனர்கள் "பாய், இது என்ன புஸ்தகம்?" என்று கேட்டால் "எம் பொண்ணு எழுதுனது. கம்ப்யூட்டரோட ஞாபக சக்தியப் பத்தி" என்று சொல்வாராம். நான் போனபோதும் ஒருவரிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாம்மா, உக்காரு. பாப்பா என்ன படிக்குது?"

"பதினொண்ணுங்க அத்தா."

"நல்லா படிக்கச் சொல்லு. வூட்டுக்காரர் வந்துட்டாரா?"

"போன வாரந்தான் போனாருங்க." பிறகு அலமாரியைக் காட்டினேன். "அத்தா, அதுல ஒரு தப்பு இருக்குதுங்க."

"எழுத்துப் பிழையா?"

"இல்லீங்க. கணக்கே தப்பு. என்னால வந்தது."

நீ சொல்லும் அதே விளக்கத்தைத்தான் சொன்னேன். மேசை, குடோன், இரண்டு கடை. அவர் கேஸ்கெட் கேட்டு வந்தவரை "நாளைக்கு வாங்கண்ணே" என்று அனுப்பிவிட்டார். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"அப்ப ஒரு கடைய தினமும் காலி மேசையோட தொறந்து, இன்னொரு கடையோட போட்டி போட வெச்சுட்டே."

"ஆமாங்க."

"நேரா வெச்சா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்க. அவளுது கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. எனக்கே வைவாவுக்கு மூணு நாள் முன்னாலதான் தெரிஞ்சது. சொல்லல."

"ஏம்மா சொல்லல?"

"அவ ஒடம்பு இருந்த நெலமையில எப்படிங்க..."

"நோவு ஒடம்புக்குத்தானேம்மா" என்றார். "புத்திக்கு இல்லையே."

எதிர்க் கடையில் யாரோ இரும்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். அது நின்றதும் சொன்னார்.

"வேலை முடிஞ்சு போச்சுன்னு சீலிங்கப் பாத்துக்கிட்டுக் கிடந்தாம்மா அவ. பதினோரு வாரம். சின்ன வயசுலயே அப்படித்தான். கணக்குல தப்புன்னு டீச்சர் திருப்பிக் குடுத்தா சோறு திங்கக்கூட எந்திரிக்காது. நீ சொல்லியிருந்தா, படுக்கையிலயே கம்ப்யூட்டரக் கொண்டாந்து வையின்னு கத்தியிருப்பா. அது பொழைக்க வெச்சிருக்கும்னு சொல்லல. அவ அவளா இருந்திருப்பா."

இதைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதலாமா என்று கேட்டேன்.

"உள்ளத எழுதிடு. எங்கெங்க எழுதணுமோ அங்கெல்லாம் எழுது."

"பட்டத்த என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியலீங்க."

"செய்யறத செய்யட்டும். புஸ்தகம் இங்கதான் இருக்கும். எழுதுனது அவதானே." சொல்லிவிட்டு நோட்டைத் திறந்து ஏதோ பார்க்கத் தொடங்கினார். எப்போது போனாலும் டீ சொல்லாமல் விடமாட்டார். அன்று சொல்லவில்லை. வாரேனுங்க என்றேன். தலை நிமிராமல் "ம்" என்றார்.

பல்கலைக்கழகத்துக்கும், உன் நெறியாளருக்கும், அந்தத் தேர்வாளருக்கும் எழுதினேன். செய்தது நான், மறைத்ததும் நான், உனக்குத் தெரியாது என்று எழுதினேன். தலையாட்டியதையும் எழுதினேன். நெறியாளர் போன் செய்து, இறந்துபோன பெண்ணின் பேரை ஏன் இழுக்கிறீர்கள் என்று சத்தம் போட்டார். பல்கலைக்கழகத்திலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. தோளில் இத்தனை நாள் வைத்திருந்த சுமையை இறக்கினால் இலேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. நான் மறைத்தது ஒரு கணக்கை என்றுதான் இத்தனை காலமும் எண்ணியிருந்தேன். உனக்கு ஒரு பட்டத்தைக் காப்பாற்றிக் கொடுத்ததாகக்கூட சில நாள் சமாதானம் செய்துகொண்டது உண்டு. உன்னிடமிருந்து பதினோரு வாரத்து வேலையைப் பிடுங்கிக்கொண்டேன் என்பதை உன் அத்தா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

கோயம்புத்தூர்ப் பெண்ணுக்குப் புது எண்களையும் சேமிப்புகளையும் அனுப்பி, நடந்ததை எழுதினேன். போன திங்கட்கிழமை அவள் பதில் வந்தது. கோபிக்கவில்லை. தன் இரண்டு வருடம் வீணாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நன்றி சொல்லிவிட்டு ஒரு கேள்வி மட்டும் கேட்டிருந்தாள். 'நான்காம் அத்தியாயத்தின் கடைசிப் பத்தியில், இதைவிட எளிய வேறொரு வழியும் தோன்றுகிறது, பின்னர் முயல வேண்டும் என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அது என்ன வழி என்று ஆசிரியர் உங்களிடம் எப்போதாவது சொன்னாரா?'

படித்ததும் அந்த மதியம் வந்து நின்றது. நீ போவதற்கு ஐந்தாறு வாரம் இருக்கும். கட்டிலில் இரண்டு தலையணைக்குச் சாய்ந்திருந்தாய். உன் அம்மா கஞ்சியைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போயிருந்தார்.

"அம்மிணி, அந்தக் கடைசி வரி இருக்குல்ல. அது இப்பத்தான் எனக்கே தெளிவா இருக்கு. ஒரு பேப்பர் எடு."

பேப்பர் எடுத்தால் பேச்சு எண்களுக்கு வரும். எண்களுக்கு வந்தால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பதினோரு வாரமும் நீ வேலையைப் பற்றி வாயெடுத்தபோதெல்லாம் மழையையும் மகளையும் மாணவிகளின் கல்யாணத்தையும் பேசித் தப்பித்துக்கொண்டிருந்தவள் நான்.

"இப்ப எதுக்குடி அதெல்லாம்? மொதல்ல கஞ்சியக் குடி."

"கஞ்சி எங்க ஓடிரப்போகுது? ரெண்டே நிமிசம். நீ எழுதக்கூட வேண்டாம், கேட்டா போதும்."

"ஆறிப்போயிரும்" என்று டம்ளரை உன் கையில் வைத்து உன் விரல்களை மூடினேன். நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு குடித்தாய். அதற்கப்புறம் நீ கேட்கவில்லை.

உன் வட்டு முழுதும் தேடினேன். ஒவ்வொரு சேமிப்பையும் மீட்டு, பாதியில் நின்ற ஒவ்வொரு வரியையும் படித்தேன். உன் நோட்டுகளை அத்தாவிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. உன் தங்கையிடம் கேட்டேன். அவள் தேடிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை அக்கா என்றாள். அந்த வழி உன்னிடம் மட்டும்தான் இருந்தது.

நான்கு நாள் கழித்து நேற்றுத்தான் அந்தப் பெண்ணுக்குப் பதில் எழுதினேன். 'அது என்ன வழி என்று எனக்குத் தெரியாது. அவர் சொல்ல வந்தபோது நான் கேட்கவில்லை.' முதல் வாக்கியத்தோடு நிறுத்தியிருக்கலாம். இரண்டாவதை ஒரு தடவை அழித்தேன். மறுபடியும் எழுதி, அதையும் சேர்த்தே அனுப்பினேன்.